தகப்பன் வரும் பக்கம்

மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவர் அந்தப் புத்தகத்தை எடுத்துத் தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார். பை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டப்பாவை வெளியே எடுத்து, புத்தகத்தை அடியில் படுக்கப்போட்டு, அதன்மேல் டப்பாவை வைத்துப் பார்த்தார். இப்போது ஜிப் மூடவில்லை. சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, “செங்கல்லைத் தூக்கிக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க? வீடு கட்டவா?” என்றாள்.

“சும்மா, படிச்சுப் பாக்கலாம்னு.”

“அதான் கல்யாணத்துக்கு முன்னாடியே முழுசாப் படிச்சு முடிச்சிட்டேன்னு சொன்னீங்களே?”

அவர் ஜிப்பை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அந்த வீட்டில் அந்த நாவலுக்குச் செங்கல் என்றுதான் பெயர். கனமும் அளவும் நிறமும் அப்படி. எல்லோரும் படித்ததாகச் சொல்லிக்கொள்ளும் நாவல் அது; பள்ளிக்கூடப் பாடத்தில் அதிலிருந்து நாலு பக்கம் வரும், மேடையில் பேசுகிறவர்கள் அதைத் தொடாமல் இறங்க மாட்டார்கள். பல்செட் செய்யும் வேலையை அவர் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், மூன்று பேரோடு ஓர் அறையில் குடியிருந்தபோது வாங்கினார். அந்த அறையில் அதைப் படிக்காதவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு தாண்டியிருப்பார். கதையில் வரும் மரவியாபாரி வீடு கட்டத் தொடங்கினான். வாசற்கதவுக்கு மரம் தேர்ந்தெடுப்பதற்கே ஓர் அத்தியாயம் போயிற்று. கதவு நிற்பதற்குள் அவருக்குப் பொறுமை படுத்துவிட்டது. மூடி வைத்தவர், கேட்டவர்களிடமெல்லாம் படித்துவிட்டேன் என்றார். யாரும் மேலே கேட்கவில்லை. அவர்களும் அந்தக் கதவுப் பக்கம் வரைதான் போயிருப்பார்கள் என்று அவருக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு.

அதற்குப் பிறகு புத்தகம் வீட்டில் பல வேலைகள் பார்த்தது. கட்டிலின் குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுத்தது. மகள் சின்னவளாக இருந்தபோது சாப்பாட்டு மேசைக்கு அவளுடைய உயரம் பற்றாமல் நாற்காலியில் அதைப் போட்டுத்தான் உட்கார வைப்பார்கள். அப்படி உட்கார்ந்தவள்தான் கல்லூரிக்குப் போனதும் அதை எடுத்துப் படித்தாள். வேலைக்குப் போன பிறகு மறுபடியும் படித்தாள். இரண்டு வாரம் முன்பு ஒரே ஒரு பையோடு கணவன் வீட்டிலிருந்து வந்து இறங்கியவள், முகம் கழுவி, தண்ணீர் குடித்து, அலமாரியிலிருந்து முதலில் எடுத்தது அதைத்தான்.

இப்படி வருவது இரண்டாவது தடவை. முதல் தடவை வந்தபோது நாலு நாள் வைத்திருந்து, அவரே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். இந்தத் தடவை மருமகன் போன் செய்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் வந்து கூட்டிக்கொண்டு போகிறோம் மாமா என்றான். வந்து பேசுகிறோம் என்று சொல்லவில்லை. குரலில் கோபமும் இல்லை. அவன் கோபப்பட்டு அவர் பார்த்ததே இல்லை.

“அடிக்கிறதில்லையாம். குடிக்கிறதில்லையாம். சம்பளத்தைக் கொண்டுவந்து வீட்டுல வைக்கிறாராம். பின்ன என்னதான்டி உனக்குன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறா” என்று மகள் வந்த அன்றே மனைவி அவரிடம் முறையிட்டாள். மகள் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லியிருந்தாள், அதுவும் முதல் தடவை வந்தபோது. சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் கணவன் சிரித்துக்கொண்டே, “எப்படிச் சொல்லணும்?” என்று கேட்பானாம். அவள் வேறு மாதிரி சொல்லிப் பார்க்க வேண்டும். அதுவும் சரியில்லை என்றால் மறுபடி. சரியாக வந்த பிறகுதான் அவன் பதில் சொல்வான். அவர் அப்போது அதைக் கேட்டுக்கொண்டார். மாப்பிள்ளை பெரிய அலுவலகத்தில் இருக்கிறவர், எதையும் கச்சிதமாகப் பேசிப் பழகியவர், அவ்வளவுதானே என்று நினைத்தார்.

கடைசியில் எல்லாம் அவர் தலையில்தான் வந்து நின்றது. “நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்” என்றாள் மனைவி. “நீங்க சொன்னாச் சரிதான்பா” என்றாள் மகள். மகளிடம் உட்கார்ந்து என்னம்மா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்டதே இல்லை, இப்போது எங்கிருந்து தொடங்குவது? போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் ஜன்னலோரம் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பின்னால் திருப்பி, அதையே மறுபடி படித்து மறுபடி சிரித்தாள். அவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அப்படி என்னதான் இருக்கிறது இந்தச் செங்கல்லில் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. நேற்று அவள் கடைசிப் பக்கத்தை முடித்து மேசைமேல் வைத்தாள். இன்று அது அவர் பையில் ஏறிக்கொண்டது.

பட்டறை என்று சொன்னாலும் அது மாடியில் ஓர் அறைதான். சுவரெல்லாம் பிளாஸ்டர் தூசு. மேசைமேல் பெயர்ச்சீட்டு ஒட்டிய தாடை அச்சுகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டிருக்கும். அவர் மெழுகில் பல் அடுக்குவார், வார்ப்பார், வேகவைப்பார். தேய்த்துப் பளபளப்பாக்குவது கூட்டாளியின் வேலை. அதனால் கூட்டாளியை எல்லோரும் பாலிஷ் என்றுதான் கூப்பிடுவார்கள். பல் டாக்டர்கள்கூட போனில், “பாலிஷ் இருக்காரா?” என்றுதான் கேட்பார்கள்.

“என்னய்யா இது, கோர்ட்டு கேசா?” என்று பாலிஷ் புத்தகத்தைக் கையில் எடுத்து எடை பார்த்தான்.

“நாவல்.”

“இந்த வயசுலயா? கண்ணு போயிடும்யா. கதையைச் சொல்லு, கேட்டுக்கறேன்.”

“படிச்சாத்தானே சொல்றதுக்கு.”

“அப்போ இவ்வளவு நாளா அதுல வர்ற மாதிரி, இதுல வர்ற மாதிரின்னு எனக்குப் பாடம் எடுத்ததெல்லாம்?”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பாலிஷ் மோட்டாரை ஓடவிட்டு அந்தச் சத்தத்துக்குள் சிரித்தான்.

அவர்கள் வேலையில் காத்திருப்பு அதிகம். பிளாஸ்டர் இறுகும்வரை காத்திருக்க வேண்டும், வெந்தது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளிகளில், மரவியாபாரி வீடு கட்டத் தொடங்கும் இடத்திலிருந்து ஒன்றிரண்டு பக்கமாகத் தொடங்கினார். இருபத்திரண்டு வயதில் எரிச்சல் மூட்டியதெல்லாம் இப்போது அவ்வளவு எரிச்சல் மூட்டவில்லை. மரவியாபாரி மரத்தைத் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, தச்சனோடு சண்டை போடும் இடம் வந்தது. மகள் சிரித்த இடம் அதுவாகத்தான் இருக்கும். வியாபாரி சொல்வதையெல்லாம் தச்சன் ஒப்புக்கொண்டு தலையாட்டிவிட்டு, அவன் போனதும் தன் இஷ்டத்துக்கு அறுக்கிறான். தன்னை அறியாமல் அவரும் சிரித்தார். இதை எழுதினவனுக்கு மரம் தெரியும் என்று நினைத்தார். தச்சு வேலை பார்க்கிறவனைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு கீழ்த்தாடைச் செட்டை வேகவைக்க வைத்துவிட்டுப் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் மெல்லச் சூடேற வேண்டும், கொதிக்கவிடக் கூடாது. தீயைக் குறைக்க வேண்டிய கணத்தை அவர் கை கடிகாரம் பார்க்காமலே அறியும். அன்று கை புத்தகத்தில் இருந்தது.

கதவு நிற்பதற்குக் கொஞ்சம் முந்திய பக்கம். மரவியாபாரியின் இளம் மனைவி பிறந்த வீட்டுக்கு ஓடிப்போகிறாள். ஏன் என்று நாவலாசிரியர் சொல்லவில்லை. அவளுடைய தகப்பன் அவளைத் திரும்பக் கூட்டிவருகிறான். அந்த ஆளுக்குப் பெயர்கூட இல்லை. வாசல்வரை வருகிறான், உள்ளே வரவில்லை. மருமகனிடம் மரத்தின் விலை விசாரிக்கிறான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறான். கிளம்பும்போது மகளிடம், ‘முதலில் உறுத்தத்தான் செய்யும். பிறகு உறுத்துவதே தெரியாமல் போய்விடும்’ என்கிறான். ஒன்றரைப் பக்கம். அடுத்த பத்தியில் ஆற்றில் தண்ணீர் வருகிறது, மரங்கள் மிதந்து வருகின்றன.

அந்த வரிக்குக் கீழே பென்சில் கோடு போட்டிருந்தது. ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. இரண்டு முனையிலும் சின்னதாக ஒரு நிறுத்தம். ஓரத்தில் ஒரு டிக். புத்தகத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிற ஆள் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். மனைவி அதற்காகவே அவரைக் கேலி செய்வாள். இந்தப் பக்கத்தை அவர் முன்பே படித்திருக்கிறார். படித்து, ஆகா என்று நினைத்து, எழுந்து போய் ஸ்கேல் எடுத்துவந்திருக்கிறார். பெண்ணோ பெண்டாட்டியோ இல்லாத காலம் அது. வாக்கியம் அழகாக இருந்திருக்கும். வேறு காரணம் என்ன இருக்க முடியும்?

முதல் தடவை மகளைக் கொண்டுபோய் விட்ட அன்று பஸ் நிலையத்தில் அவளிடம் என்ன சொன்னோம் என்று யோசித்தார். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. “ஆரம்பத்துல உறுத்தத்தாம்மா செய்யும். போகப் போகத் தெரியாது.” புதுப் பல்செட் போட்டுக்கொள்கிறவர்களிடம் டாக்டர்கள் சொல்வதைத்தான் தானும் சொன்னதாக இவ்வளவு நாள் நினைத்திருந்தார். மகள் அப்போது அவரை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்கு அந்த வாக்கியம் தெரியும். அதற்குள் இரண்டு முறை அந்தப் பக்கத்தைக் கடந்தவள். அதன் கீழே யாருடைய கோடு என்பதும் தெரியும்.

“யோவ்! கொதிக்குதுய்யா!” பாலிஷ் ஓடிவந்து அடுப்பை அணைத்தான்.

ஆறவைத்துப் பிரித்துப் பார்த்தபோது ஈறு முழுக்கத் தேன்கூடு மாதிரி பொத்தல். சின்னச் சின்னக் குமிழிகள், நகம் வைத்தால் தட்டுப்பட்டன. தொழிலுக்கு வந்த புதிதில் செய்தபிறகு அவர் இப்படி ஒரு தப்புச் செய்ததில்லை. பாலிஷ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எதுவோ சொல்ல வந்தான். அவர் முகத்தைப் பார்த்து, “சரி விடு, டாக்டரம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். எனக்குக் கை நழுவிடுச்சுன்னு” என்றான்.

பாலிஷைச் சொல்லவிடாமல் சனிக்கிழமை அவரே கிளினிக்குக்குப் போனார். டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. “நல்லதாப் போச்சு. அந்தப் பெரியவருக்கு எடுத்த கடியே தப்போன்னு எனக்கு ஒரு சந்தேகம். இன்னிக்கு வரச் சொல்லியிருக்கேன், நீங்களும் இருந்து பாருங்க” என்றாள். மேல்தாடையும் கீழ்த்தாடையும் எங்கே வந்து சேர்கின்றன என்று மெழுகில் பதிவு எடுப்பதற்குத்தான் கடி எடுப்பது என்று பெயர். அது பிசகினால் எவ்வளவு அழகாகப் பல் அடுக்கினாலும் சோறு மெல்ல முடியாது.

பெரியவர் நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார். கடிங்க என்றதும் தாடையை முன்னால் தள்ளிக் கடித்தார்.

“அப்படி இல்லைங்க. சாதாரணமா.”

“இதோம்மா” என்று இன்னும் முன்னால் தள்ளினார். டாக்டருக்குப் பிடித்த மாதிரி கடிக்க வேண்டும் என்ற தவிப்பு அந்தக் கண்களில் தெரிந்தது. இப்படி வருகிறவர்கள் நிறையப் பேர். சொன்னதைக் கேட்டுப் பழகினவர்களுக்குத்தான் கடி அதிகம் பிசகும். டாக்டரம்மா கையை எடுத்துக்கொண்டாள். பேரன் என்ன படிக்கிறான் என்று கேட்டாள். மழை வருமா என்று கேட்டாள். பெரியவர் பேசினார், பேச்சு ஓய்ந்தது, எச்சில் விழுங்கினார். தாடை தானாகப் பின்னால் போய் அதன் இடத்தில் உட்கார்ந்தது. சாயங்கால பஸ்ஸில் திரும்பும்போது, முதல் தடவை மகளிடம் தான் கேட்ட விதம் அவருக்கு நினைவு வந்தது. “போறியாம்மா?” என்று கேட்டார். “போறேன்பா” என்றாள். உடனே சொன்னாள். அவ்வளவு உடனே.

வீட்டில் மகள் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் போய்க் கொடியின் மறுமுனையில் நின்று கிளிப்புகளைக் கழற்றிக் கையில் சேர்த்தார்.

“எது வரைக்கும் வந்திருக்கீங்கப்பா?” என்றாள் அவள். புத்தகம் காணாமல் போனதை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“கதவு நிறுத்திட்டாங்க.”

“அட, தாண்டிட்டீங்களா!” சிரித்தாள். போர்வையின் இரண்டு முனையை அவரிடம் நீட்டினாள். இருவரும் எதிரெதிரே நின்று இழுத்து மடித்தார்கள். மடிக்க மடிக்க அருகில் வந்தார்கள். “அப்போ அந்த அப்பாவையும் தாண்டிட்டீங்க.”

“தாண்டிட்டேன்.”

“அவர் அப்புறம் வரவே மாட்டாருப்பா. இன்னும் எழுநூறு பக்கம் இருக்கு, எங்கயாவது வருவாரு, ஒரு கல்யாணத்துல, ஒரு சாவுல வந்து நிப்பாருன்னு ஒவ்வொரு தடவையும் பாத்துக்கிட்டே படிப்பேன். வரமாட்டாரு.”

அவர் கையிலிருந்த முனைகளை அவள் வாங்கிக்கொண்டு, போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். அவர் சட்டைப்பை நிறைய கிளிப்புகளோடு அங்கேயே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். மருமகன் இஸ்திரி கலையாத சட்டையில் இருந்தான். சம்பந்தியம்மா பழம் வாங்கிவந்திருந்தாள். மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். மகள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்தபோது கொண்டுவந்த பை, ஜிப் மூடி, அவள் கால்மாட்டில் இருந்தது. யாரும் சொல்லாமலே கட்டிவைத்திருக்கிறாள்.

“வேலையெல்லாம் எப்படிப் போகுது மாமா?” என்றான் மருமகன்.

ஒரு நிமிடம், அவனுடைய அலுவலகம் மாறப்போகிறதாமே என்று கேட்கலாம் என்று அவருக்கு வாயில் வந்தது. வீட்டு வாடகை எல்லாம் ஏறிவிட்டதாமே என்று கேட்கலாம். அப்படிப் பத்து நிமிடம் பேசிவிட்டு எழுந்தால் போதும், எல்லாம் நடந்துவிடும்.

“போகுது மாப்பிள்ளை” என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

சம்பந்தியம்மா காபியை முடித்துத் தம்ளரை வைத்தாள். “சின்னஞ்சிறுசுங்க. இருந்து இருந்துதான் பழகும். நல்ல நேரத்துலயே கிளம்பிட்டோம்னா இருட்டுறதுக்குள்ள போயிடலாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க.”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மனைவி தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பார்த்தாள். மகள் மட்டும் பார்க்கவில்லை.

அவர் எழுந்து, மேசைக்கு அடியிலிருந்த நாற்காலியை இழுத்துத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். “வாம்மா, உக்காரு.”

அவள் தயங்கி வந்து உட்கார்ந்தாள்.

“நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைங்க” என்றார் சம்பந்தியம்மாவிடம். “போன தடவையும் நான்தான் சொன்னேன். அவ சொல்லி நான் கேட்டதில்லை.” பிறகு மகளிடம் திரும்பினார். “எனக்காகப் போறேன்னும் சொல்லவேணாம், எனக்காக இருக்கேன்னும் சொல்லவேணாம். அவசரம் ஒண்ணும் இல்ல. எப்போ வருதோ அப்போ சொல்லு. இது உன் வீடு. அதை மட்டும் நான் முன்னாடியே சொல்லி வச்சிடறேன்.”

“இதுல புதுசா அவ என்ன சொல்லப்போறா மாமா?” என்று மருமகன் புன்னகைத்தான். அவன் காபித் தம்ளரை எடுத்தான், காலியாக இருப்பதைப் பார்த்து வைத்தான். தெருவில் ஒரு வண்டியைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது, நின்றது. அவர் மகளைப் பார்க்காமல் தன் விரல் இடுக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“நான் அங்க,” என்று அவள் தொடங்கினாள். நின்றாள். “காலையில எந்திரிச்சதும் வந்து, ஒண்ணு சொல்றதுக்கு முன்னாடி மனசுக்குள்ள ஒரு தடவை, இல்ல, அதுக்கும் முன்னாடி...”

“எப்படிச்...” என்றான் மருமகன், மிக மென்மையாக.

“மாப்பிள்ளை,” என்றார் அவர். குரல் உயரவில்லை. “அவ முடிக்கட்டும்.”

அவள் மறுபடி தொடங்கினாள். வாக்கியம் நடுவிலிருந்து பிறந்து, பின்னால் போய், வேறெங்கோ நின்றது. அடுத்ததும் அப்படித்தான். குரல் மிகத் தாழ்ந்திருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்ததில் பாதி காதில் விழவில்லை. மனைவி சட்டென்று நகர்ந்தாள். உள்ளே போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் சுவரோரம் போய் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

மகள் பேசிக்கொண்டிருந்தாள். மேலே ஒரே வட்டமாகச் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறி வேகம் குறைந்து, வட்டம் கலைந்து, இறக்கைகள் ஒவ்வொன்றாகத் தனித்தனியே கண்ணுக்குத் தெரியத் தொடங்கின.